அடுத்த கிளாரினெட் வாங்கும் முன்

கம்பம் பள்ளத்தாக்கு பேண்டு செட்டுகளில் கிளாரினெட் ஊதும் தம்பிமார்களுக்கு,

வீரபாண்டித் திருவிழா முடிந்தது. வைகாசி முகூர்த்தங்களும் ஓய்ந்தன. வாங்கிய அட்வான்ஸ்களுக்கெல்லாம் கணக்குத் தீர்ந்து, செட்டுக்காரர்கள் கையில் நாலு காசு நிற்கிற நேரம் இது. ஆடி பிறப்பதற்குள் பழைய வாத்தியங்களைப் பழுது பார்ப்பதும், புதிதாக ஒன்றிரண்டு வாங்குவதும் வழக்கம். வாங்குகிறவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்று சில வருசமாகக் கவனித்து வருகிறேன். கிளாரினெட் என்று போனால் பி ஃபிளாட்தான். ஏற்கெனவே இரண்டு பி ஃபிளாட் இருக்கும் செட்டில் மூன்றாவதாக இன்னொரு பி ஃபிளாட் வந்து இறங்குகிறது. மூன்று பேரும் ஒரே பாட்டை, ஒரே ஸ்தாயியில், ஒரே விரலில் ஊதுகிறீர்கள். பக்கத்தில் டிரம்பெட்டும் அதையேதான் ஊதுகிறது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: அடுத்து வாங்கும் கிளாரினெட் ஈ ஃபிளாட்டாக இருக்கட்டும்.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்பீர்கள். உத்தமபாளையத்துக்காரன். ராணுவ பேண்டில் கிளாரினெட் ஊதி ஓய்வு பெற்றவன். மத்தியப் பிரதேசம் பச்மரியில் 1950-இல் தொடங்கிய ராணுவ இசைப் பிரிவில் பாடம் கேட்டவன். ஊருக்குத் திரும்பிய பிறகு ராயப்பன்பட்டி சப்பரம் ஆனாலும், குச்சனூர் ஆடிச் சனி ஆனாலும், பேண்டு சத்தம் கேட்டால் கால் தானாக அந்தப் பக்கம் போகிறது. போய் நின்றால் காது ஏதாவது குறை கண்டுபிடிக்கிறது. அந்தத் தொழில் புத்தி இன்னும் போகவில்லை.

கிளாரினெட் ஒரே வாத்தியம் அல்ல, ஒரு குடும்பம். நாயனத்தில் திமிரி உண்டு, பாரி உண்டு. திமிரி குட்டை, சத்தம் உச்சத்தில் நிற்கும். பாரி நீளம், சத்தம் இறங்கி கனமாக வரும். ராஜரத்தினம் பிள்ளை பாரியைக் கையில் எடுத்த பிறகு நாயனத்தின் குரலே மாறியது. அது மாதிரிதான் இதுவும். ஆனால் நாயனத்தில் இரண்டு மூன்று அளவோடு நின்றுவிட்டது, கிளாரினெட்டில் ஒரு டஜனுக்குமேல் போய்விட்டது. நமக்குப் பழகிய கட்டைக் கணக்கில் சொல்கிறேன்.

இடது கைக் கட்டைவிரலால் பின்துளையையும், அதே கையின் மூன்று விரல்களால் முன்துளைகளையும் மூடி ஊதுங்கள். எழுத்துப் பாடத்தில் அது ‘சி’. எந்தக் கிளாரினெட்டை எடுத்தாலும் அந்த விரல் மாறாது. மாறுவது வெளியே வரும் சத்தம். உங்கள் கையில் இருக்கும் பி ஃபிளாட்டில் அது ஆறரைக் கட்டையாக வரும். ஏ கிளாரினெட்டில் ஆறு கட்டை. சி கிளாரினெட்டில் ஒரு கட்டை. டி என்று ஒன்று உண்டு, அதில் இரண்டு. ஈ ஃபிளாட்டில் இரண்டரை. பாஸெட் ஹார்ன் என்கிற எஃப் கிளாரினெட்டில், ஸ்தாயி இறங்கி, நாலு கட்டை. ஆல்ட்டோ கிளாரினெட்டில் கீழ் ஸ்தாயி இரண்டரை. பேஸ் கிளாரினெட்டில் உங்கள் ஆறரைக்கு ஒரு ஸ்தாயி கீழே ஆறரை. கான்ட்ராபேஸில் அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே. மேல் பக்கம் போனால் ஏ ஃபிளாட் பிக்கோலோ கிளாரினெட் என்று ஒன்று இத்தாலி ஊர் பேண்டுகளில் உண்டு. ஐந்தரைக் கட்டை, பொம்மை மாதிரி இருக்கும், காதைத் துளைக்கும்.

விரல் ஒன்று, கட்டை வேறு. இந்த ஏற்பாட்டால் ஒரு கிளாரினெட் தெரிந்தவனுக்கு எல்லாக் கிளாரினெட்டும் பாதி தெரிந்த மாதிரி. மீதிப் பாதி உதடும் மூச்சும்.

இத்தனை அளவு எதற்கு? பி ஃபிளாட்டும் ஏயும் ஏன் இரண்டாக இருக்கின்றன என்று பார்த்தால் போதும். மூன்று கட்டையில் ஒரு பாட்டு, சங்கராபரணச் சாயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பி ஃபிளாட்டில் அதை ஊத எஃப் ஷார்ப்பில் ‘ஸ’ வைக்க வேண்டும். ஆறு ஷார்ப். விரல் பின்னிக்கொள்ளும். அதே பாட்டை ஏ கிளாரினெட்டில் ஊதினால் ‘ஜி’ விரலில் ‘ஸ’, ஒரே ஒரு ஷார்ப். ஆறு கட்டைப் பாட்டுக்கு பி ஃபிளாட்டில் ஐந்து ஷார்ப், ஏ-யில் ஒன்றுமே இல்லை. இரண்டரை, ஐந்தரை, ஆறரை என்று அரைக்கட்டையில் நிற்கும் பாட்டென்றால் பி ஃபிளாட் சுகம். அதனால்தான் மேல்நாட்டு ஆர்கெஸ்ட்ராக்காரர் ஒவ்வொருவரும் பெட்டியில் இரண்டையும் வைத்துக்கொண்டு, பாட்டுக்குப் பாட்டு மாற்றி மாற்றி எடுக்கிறார்கள்.

ஏ கிளாரினெட் நம் செட்டுக்குத் தேவையா? தேவையில்லை. டிரம்பெட், எபோனியம் எல்லாமே பி ஃபிளாட் குடும்பமாக இருக்கும்போது அது ஒட்டாது. ஆனால் அதைப் பற்றி நீங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஏன் என்பதற்கு நம் பக்கத்துத் தம்பி ஒருவரின் கதை இருக்கிறது. வெளியூரில் ஒரு கடையில் செகண்ட் ஹேண்டாக, நல்ல கருமரக் கிளாரினெட் ஒன்று மலிவாகக் கிடைத்ததென்று வாங்கி வந்தார். கீயெல்லாம் வெள்ளிப் பூச்சு, பளபளவென்று. முதல் ஒத்திகையிலேயே செட்டோடு சேரவில்லை. அரைக்கட்டை இறங்கி நின்றது. பேரலை மாற்றினார், மவுத்பீஸை மாற்றினார், ரீடைக் கெட்டியாக்கினார். கடைசியில் வாத்தியம் ‘பிசகு’ என்று மூட்டை கட்டி வைத்துவிட்டார். எடுத்து வரச் சொல்லிப் பார்த்தேன். பிசகு ஒன்றுமில்லை. அது அருமையான ஏ கிளாரினெட். பி ஃபிளாட்டைவிட ஓர் அங்குலத்துக்கு மேல் நீளம். பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும், தனியாகப் பார்த்தால் கண் ஏமாறும். மேல் துண்டில் எழுத்து பொறித்திருந்தது, கீழ்த் துண்டிலும். யாரும் அதைப் படிக்கவில்லை.

இன்னொரு கண்ணியும் உண்டு. பழைய பிரிட்டிஷ் ராணுவ பேண்டுகள் 1920களின் இறுதிவரை இன்றைய சுருதியைவிட உயரமான சுருதியில் வாசித்தன. இன்று நடு ‘ஏ’ 440 அதிர்வு. அன்று அவர்களுக்கு 452-க்கும் சற்று மேலே. கிட்டத்தட்டக் கால் கட்டை வித்தியாசம். அந்தக் காலத்து வாத்தியங்கள் நம் நாட்டில் இன்னும் கை மாறிக்கொண்டிருக்கின்றன. ‘எச்.பி.’ என்று பொறித்திருந்தால் அது உயர்ந்த சுருதி வாத்தியம். பேரலை இழுத்தால் சுருதி இறங்கும் என்பீர்கள். இறங்கும், ஆனால் ஒழுங்காக இறங்காது. பேரலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்வரங்கள் அதிகமாக இறங்கும், அடிப்பக்கத்து ஸ்வரங்கள் கொஞ்சமாக இறங்கும். ஸ்வர வரிசையே கோணலாகிவிடும். எனவே வாங்கப் போகும்போது கையில் போனில் ஒரு ட்யூனர் ஆப் இருக்கட்டும். கொஞ்ச நேரம் ஊதிச் சூடேற்றிவிட்டு மேலே சொன்ன ‘சி’ விரலைப் போடுங்கள். பி ஃபிளாட் அல்லது ஏ ஷார்ப் என்று காட்டினால் பி ஃபிளாட் வாத்தியம். ‘ஏ’ என்று காட்டினால் திரும்பக் கொடுங்கள். இரண்டு எழுத்துக்கும் நடுவில் முள் தள்ளாடினால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். ஜெர்மனி வாத்தியத்தில் வெறும் ‘பி’ என்று பொறித்திருக்கும். அவர்கள் ஊரில் பி ஃபிளாட்டை அப்படித்தான் எழுதுவார்கள், பயப்பட வேண்டாம்.

நாயனத்திலிருந்து கிளாரினெட்டுக்கு வந்த தம்பிகளுக்கு ஒரு விசயம் குழப்பமாக இருக்கும். நாயனத்தில் மூச்சை அழுத்தினால் ‘ஸ’ மேல் ‘ஸ’ ஆகும். கிளாரினெட்டில் கட்டைவிரல் கீயை அமுக்கினால் ‘ஸ’ இருந்த விரலில் மேல் ஸ்தாயிப் ‘ப’ கேட்கிறது. காரணம் குழலின் உள்வடிவம். நாயனம் கீழே போகப் போக அகலும் கூம்பு. கிளாரினெட்டின் உள் துளை கிட்டத்தட்ட ஒரே அகலம், ஒரு பக்கம் ரீடால் அடைபட்ட குழாய். அடைபட்ட நேர்குழாய் தன்னைப்போல் இரண்டு மடங்கு நீளமுள்ள திறந்த குழாயின் சத்தத்தைத் தரும். ஒற்றைப்படை இணைசுரங்களையே பலமாகக் கிளப்பும். அதனால் முதல் தாவல் ஒரு ஸ்தாயியைத் தாண்டிப் பஞ்சமத்தில் போய் நிற்கிறது. மேல்நாட்டுப் புல்லாங்குழலும் பி ஃபிளாட் கிளாரினெட்டும் நீளத்தில் ஏறக்குறைய ஒன்று, இரண்டடிக்குக் கொஞ்சம் மேல். ஆனால் புல்லாங்குழலின் அடிச்சத்தத்தைவிடக் கிளாரினெட்டின் அடிச்சத்தம் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே போவது இதனால்தான். அந்தக் கட்டைவிரல் கீயை 1700-ஐ ஒட்டி ஜெர்மனியின் நூரம்பெர்க்கில் யோஹான் கிறிஸ்டோஃப் டென்னர் சேர்த்த பிறகுதான் ஷாலுமோ என்ற பழைய நாட்டுக்குழல் கிளாரினெட் ஆனது. சாக்ஸபோன் கூம்பு, அது நாயனம் மாதிரி ‘ஸ’-வுக்கு ‘ஸ’ தாவும். சாக்ஸ் கற்றவன் கிளாரினெட்டை எடுத்தால் முதல் வாரம் திணறுவான்.

இப்போது ஈ ஃபிளாட். ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் மேல் நீளம், இடுப்பில் செருகிக்கொள்ளலாம். சத்தம் கூர்மை. 1830-இல் பெர்லியோஸ் தன் சிம்பொனியின் கடைசிப் பகுதியில் சூனியக்காரிகளின் கூத்தைக் காட்ட இதைத்தான் எடுத்தார். 1928-இல் ராவெல் ‘பொலேரோ’வில் மெட்டைக் கை மாற்றிக் கொடுத்துக்கொண்டே போகும்போது இதற்கும் ஒரு முறை வருகிறது. ராணுவ பேண்டுகளில் இது பரம்பரையாக முன்வரிசை வாத்தியம். திறந்த வெளியில், நடந்துகொண்டே, டிரம் சத்தத்துக்கு மேலே மெட்டைத் தூக்கிப் பிடிக்க இதைவிடப் பொருத்தமான மரக்குழல் இல்லை.

நமக்கு இது இப்போது ஏன் வேண்டும்? சொல்லவா வேண்டும், கேரளத்துச் செண்டை மேளம் குமுளி இறங்கி வந்துவிட்டது. கூடலூர், கம்பம், சின்னமனூர் எங்கே பார்த்தாலும் ஊர்வலத்தில் செண்டை. விழாக் கமிட்டிக்காரர்கள் பேண்டையும் கூப்பிடுகிறார்கள், செண்டையையும் கூப்பிடுகிறார்கள், கொஞ்ச வருசத்தில் பேண்டை மட்டும் விட்டுவிடுவார்கள். சத்தத்தில் செண்டையோடு மல்லுக்கு நிற்க ஒரு பேண்டாலும் முடியாது. பாக்ஸ் ஸ்பீக்கர் வைத்துக் கட்டுகிற செட்டுகளைப் பார்த்தால் எனக்கு வருத்தம்தான் வருகிறது. மூன்று பி ஃபிளாட் ஒரே ஸ்தாயியில் ஊதினால் சத்தம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஒரு ஈ ஃபிளாட் மேல் ஸ்தாயியில் ஏறி நின்றால் தெருக்கோடியில் இருப்பவனுக்கும் பாட்டு தெரியும். செண்டைக்குப் பாட்டு கிடையாது. நமக்கு இருப்பது அதுதானே.

ஊதுவதற்கும் வருத்தமில்லை. நீங்கள் பி ஃபிளாட்டில் கழுத்து நரம்பு புடைக்க எட்டிப்பிடிக்கும் மேல் ஸ்வரத்தை ஈ ஃபிளாட்காரர் நான்கு ஸ்வரம் கீழே உள்ள விரலில் எடுத்துவிடுவார். முதல் நாள் எல்லாரும் ஒரு தவறு செய்வார்கள்: பழகிய அதே விரலில் ஊதுவார்கள், பாட்டு மத்திமத்தில் போய் நிற்கும், செட்டே சிரிக்கும். உங்கள் ‘சி’ விரல் ‘ஸ’ என்றால் அவருக்கு ‘ஜி’ விரல் ‘ஸ’. இதை மனசில் பதித்துக்கொண்டால் மறுநாளே சேர்ந்துவிடும். ஆல்ட்டோ சாக்ஸ் இருக்கும் செட்டுகளுக்கு இன்னும் எளிது. அதுவும் ஈ ஃபிளாட் வாத்தியம். சாக்ஸ்காரரின் நோட்டையே ஈ ஃபிளாட் கிளாரினெட்காரர் பார்த்து ஊதலாம். ஒரு ஸ்தாயி மேலே அதே பாட்டு வந்துவிடும்.

கூட்டத்துக்கு இதெல்லாம் புரியாது, மெட்டு ஒன்று போதும் என்று ஒரு செட்டு முதலாளி என்னிடம் சொன்னார். எந்த ஊர்க்காரர் சொல்கிறார் பாருங்கள். இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் பக்கத்தில்தானே இருக்கிறது! 1976-இல் ‘அன்னக்கிளி’ வந்ததிலிருந்து இந்தப் பள்ளத்தாக்கின் டீக்கடைகளில் உட்கார்ந்து, மேலே ஒரு மெட்டு கீழே ஒரு மெட்டு என்று கேட்டே வளர்ந்த சனம் இது. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவை வைத்துத் தன் சிம்பொனியை அரங்கேற்றினார் அவர். அவர் ஊர்க்காரர்கள் காதுக்கு இரண்டு ஸ்தாயி புரியாதா?

பேஸ் கிளாரினெட்டும் வாங்கலாமா என்று போனில் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள். ஆசை நியாயம். எனக்குப் பிடித்த சத்தமும் அதுதான். பெல் மேலே திரும்பி, கழுத்து உலோகத்தில் வளைந்து, பார்க்கவே கம்பீரம். சாக்ஸபோனைக் கண்டுபிடித்த அதே அடால்ஃப் சாக்ஸ்தான் 1838-இல் இதற்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தார். அடிச்சத்தம் நெஞ்சில் வந்து மோதும். ஆனால் தெருவில் எடுபடாது. டிரம்முக்குப் பக்கத்தில் அதன் சத்தம் அமுங்கிவிடும். நடந்துகொண்டே ஊத இடுப்பும் ஒத்துக்கொள்ளாது. விலையோ லட்சத்தைத் தாண்டும். தெருவில் அடிச்சத்தத்துக்கு எபோனியம் போதும். மண்டபத்தில் உட்கார்ந்து வாசிக்கும் வரவேற்புகளுக்கும், சர்ச்சுக்குள் வாசிப்பதற்கும் என்று இரண்டு மூன்று செட்டுகள் பணம் சேர்த்து ஒன்று வாங்கினால் தப்பில்லை. டெனர் சாக்ஸ் நோட்டை அப்படியே பார்த்து ஊதலாம்.

ஆல்ட்டோவை விடுங்கள், நமக்கு வேலையில்லை. பாஸெட் ஹார்னை மொஸார்ட் உயிராக நேசித்தார். 1791-இல் அவர் முடிக்காமல் விட்டுப் போன ரெக்வியத்தில் புல்லாங்குழலும் இல்லை, ஓபோவும் இல்லை, இரண்டு பாஸெட் ஹார்ன்தான். அதே வருசம் தன் நண்பர் அன்டன் ஸ்டாட்லருக்காக எழுதிய கிளாரினெட் கச்சேரியும், அடியில் நான்கு அரைஸ்வரம் கூடுதலாக இறங்கும் பாஸெட் கிளாரினெட்டை மனதில் வைத்து எழுதியது. கேளுங்கள், போனில் கிடைக்கும். வாங்க வேண்டாம்.

கச்சேரி பக்கம் போக நினைக்கும் தம்பிகளுக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. கிளாரினெட் நம் பக்கம் வந்தது பேண்டு வழியாகத்தான். தஞ்சாவூர் அரண்மனையிலேயே சரபோஜி மன்னர் காலத்தில் மேல்நாட்டு பேண்டு இருந்தது. பிறகு சதிராட்டத்துக்கான சின்ன மேளத்தில் முகவீணை இருந்த இடத்துக்கு இது வந்தது. பாலசரஸ்வதியின் ஆட்டத்துக்கும் கிளாரினெட் பக்கவாத்தியம் உண்டு. அதைத் தனிக் கச்சேரி மேடைக்குக் கொண்டுபோய் நிறுத்தியவர் திருச்சி ஏ.கே.சி. நடராஜன். இலுப்பூர் நடேச பிள்ளையிடம் நாயனம் படித்தவர். ‘கிளாரினெட் எவரெஸ்ட்’ என்று ராஜரத்தினம் பிள்ளையே பட்டம் கொடுத்தார். 2008-இல் சங்கீத கலாநிதி, 2022-இல் பத்மஸ்ரீ. அவருடைய தோடியைக் கேட்டுவிட்டு உங்கள் வாத்தியத்தைப் பாருங்கள். கமகம் வருவது விரல் துளையை நேராகத் தொட்டு, பாதி மூடி, வழுக்கும்போது. ஆறு துளையைச் சுற்றியும் வளையமும் பதினேழு கீயும் இருக்கும் போயம் வகை, ஷார்ப் ஃபிளாட் மாற்றி மாற்றி வாசிக்க வசதி. வளையம் குறைந்த பழைய ஆல்பர்ட் வகை கமகத்துக்கு வசதி. எந்தக் கட்டை என்பது ஒரு கேள்வி, எந்தக் கீ வகை என்பது இன்னொரு கேள்வி. கடைக்காரர் இரண்டையும் கலந்து பேசுவார், நீங்கள் பிரித்துக் கேளுங்கள். போயம் வகையில் ஜாரு வராதென்று இல்லை. 1924-இல் கெர்ஷ்வின் இசையின் முதல் வரியில் ராஸ் கோர்மன் அடியிலிருந்து உச்சிவரை ஒரே இழுப்பாக இழுத்துக் காட்டியதை உலகமே இன்னும் பேசுகிறது.

மரமா பிளாஸ்டிக்கா என்றும் கேட்கிறீர்கள். நல்ல கிளாரினெட்டின் கருமரம் தான்சானியா, மொசாம்பிக் பக்கத்தில் வளர்வது. நம் மலையின் ஈட்டி மரத்துக்குப் பங்காளி, ஒரே பேரினம். சத்தம் அருமை. ஆனால் நீங்கள் மார்கழியில் குமுளி, கட்டப்பனை, போடிமெட்டு என்று ஏறுகிறவர்கள். ஒருமுறை வண்டிப்பெரியாறு சர்ச் வாசலில் விடியற்காலையில் பார்த்தேன். தம்பி டிக்கியிலிருந்து கிளாரினெட்டை எடுத்தார், மாட்டினார், குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று உடனே பலமாக ஊதத் தொடங்கினார். உள்ளே சூடான ஈர மூச்சு, வெளியே பனி. ஆராதனை முடிவதற்குள் மேல் துண்டில், பக்கக் கீ துளைக்குப் பக்கத்தில், முடி மாதிரி ஒரு கோடு விழுந்துவிட்டது. மலைக்குப் போகும்போது மேல் துண்டைச் சால்வைக்குள், அக்குளில் வைத்துச் சூடாக்குங்கள். முதலில் மெதுவாக ஊதுங்கள். குளிர்ந்த வாத்தியம் சுருதி இறங்கித்தான் நிற்கும். பேரலை உள்ளே தள்ளி அவசரப்படாதீர்கள், சூடானதும் ஏறிவிடும். ஊதி முடித்ததும் துணி விட்டு உள்ளே துடையுங்கள். ஈ ஃபிளாட்டைத் தெருவுக்கு வாங்குவதென்றால் பிளாஸ்டிக் அல்லது எபோனைட் போதும், கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

வாங்கும்போது இன்னும் இரண்டு விசயம். பி ஃபிளாட்டுக்கும் ஏ-க்கும் ஒரே மவுத்பீஸ், ஒரே ரீடு. ஈ ஃபிளாட்டுக்கு இரண்டுமே சின்னது, தனி. பெட்டியில் மவுத்பீஸ் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், பிறகு தேடினால் சுலபத்தில் கிடைக்காது. ரீடும் கூடவே ஒரு பெட்டி வாங்கிவிடுங்கள். உதட்டுக்கு இன்னும் கொஞ்சம் பிடி வேண்டியிருக்கும் என்பதால், உங்களில் நீளமான ஸ்வரத்தை ஆடாமல் பிடிக்கத் தெரிந்தவர் யாரோ அவர் கையில் கொடுங்கள். வேகமாக விரல் ஓடுகிறவர் கையில் வேண்டாம். வாங்கியதும் எடுத்து வாருங்கள். சாயங்காலம் வீட்டில்தான் இருப்பேன். ‘ஜி’ விரலில் ‘ஸ’ வைத்து நாலைந்து பாட்டு எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய கிளாரினெட்காரன்
உத்தமபாளையம்